வி.ஜி.ஏ. கணினியும் எச்.டி.எம்.ஐ. தொலைக்காட்சியும்

ஆம்பூரில் என் தாய்மாமன் பேத்திக்குத் திருமணம். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்ததால் பெங்களூரை விட்டு நகர முடியவில்லை. யூடியூபில் நேரலை உண்டு என்று மாமா வீட்டார் சொன்னாலும், கைபேசித் திரையில் அவரால் முகங்களை அடையாளம் காண இயலாது. அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியோ 32 அங்குலம், இணைய வசதி இல்லாதது. அலுவலக மடிக்கணினியில் யூடியூப் தடுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சியிருந்தது 2010இல் வாங்கிய மேசைக் கணினி மட்டுமே.

சிக்கல் அதன் முதுகில் இருந்தது. படத்தை வெளியே அனுப்பக் கணினியில் நீல நிற வி.ஜி.ஏ. துளை மட்டும்; அதை வாங்கிக்கொள்ளத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும். சனிக்கிழமை காலை எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் "வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ. கன்வெர்ட்டர்" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்துவிட்டேன். பழைய மானிட்டரின் கேபிள் அதில் கச்சிதமாகப் பொருந்தியது, மறுமுனை தொலைக்காட்சியிலும் பொருந்தியது. ஆனால் திரையில் "நோ சிக்னல்" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. ஒரு மணி நேரம் கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அதன் மேல் பொடி எழுத்தில் "எச்.டி.எம்.ஐ. டு வி.ஜி.ஏ." என்று இருந்ததைப் படித்தேன். புதிய மடிக்கணினியைப் பழைய மானிட்டரில் இணைக்கும் கருவி அது. எனக்கு வேண்டியது நேர் எதிரானது.

மாலையில் வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் முதலில் கேட்டதே, "எதுல இருந்து எதுக்கு சார்?" என்பதுதான். காலையில் நானாகவே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. அனலாக் முறையில் படத்தை மட்டுமே அனுப்பும், ஒலி அதில் கிடையாது. 2002இன் இறுதியில் வெளியான எச்.டி.எம்.ஐ. படத்தையும் ஒலியையும் டிஜிட்டலாக ஒரே கம்பியில் கொண்டுபோகும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வெறும் கம்பி போதாது, உள்ளே ஒரு சில்லு வேலை செய்ய வேண்டும். பையன் கொடுத்த கருவியில் வி.ஜி.ஏ. முனையுடன் இரண்டு வால்கள் தொங்கின: மின்சாரத்துக்கு ஒரு யு.எஸ்.பி., ஒலிக்கு ஒரு 3.5 மி.மீ. முனை.

வீட்டில் படம் உடனே வந்தது, ஆனால் எல்லா முகங்களும் பூசணிக்காய் போல அகன்றிருந்தன. கணினி 1024க்கு 768 புள்ளிகள் என்ற பழைய அளவில் அனுப்ப, தொலைக்காட்சி அதைத் திரை முழுவதும் இழுத்திருக்கிறது. 1280க்கு 720 என்று மாற்றியதும் முகங்கள் ஒழுங்காயின. விளிம்புகள் வெட்டுப்பட்டு, கீழே இருந்த கடிகாரம் பாதி மறைந்திருந்ததற்குக் காரணம் தொலைக்காட்சியின் ஓவர்ஸ்கேன். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் ஓரம் சீராக இராது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது. ரிமோட்டில் படத்தின் அளவுக்கான பட்டியலில் "ஜஸ்ட் ஸ்கேன்" என்பதைத் தேர்ந்தெடுத்ததும் முழுப் படமும் தெரிந்தது. (சில நிறுவனங்கள் இதையே "ஸ்கிரீன் ஃபிட்" என்கின்றன.)

ஒலி மட்டும் வரவில்லை. மேசைக்கடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், இருட்டில் அந்த முனையை மைக்குக்கான இளஞ்சிவப்புத் துளையில் செருகியிருக்கிறேன். பச்சைக்கு மாற்றியதும் ஒலி வந்தது, கூடவே தேனீக் கூட்டம் போல ஓர் இரைச்சலும். கணினியும் தொலைக்காட்சியும் வெவ்வேறு சுவர்ப் பிளக்குகளில் இருந்ததால் எர்த் வழியே வந்த இரைச்சல் அது; இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது. எச்.டி.எம்.ஐ. உள்ள கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒலிக்கெனத் தனிக் கம்பி மாட்டும் இந்தத் தொல்லை இல்லை. படம் வந்தும் ஒலி கணினியிலேயே கேட்டுக்கொண்டிருந்தால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் குறியைச் சொடுக்கித் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கே அம்மா கறுப்புக் கண்ணாடியுடன் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். கெட்டிமேளம் கொட்டியபோது ஒலியை இன்னும் கூட்டச் சொன்னவர், தாலி கட்டி முடிந்ததும், "உங்க மாமன் ரொம்ப இளைச்சுப் போயிட்டான்டா" என்றார். தவறுதலாக வாங்கிய அந்த முதல் கருவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை; அலுவலக மடிக்கணினியைப் பழைய மானிட்டரில் இணைக்க இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.