பாத்ரூம் ரேடியேட்டரை நானே மாற்றிய கதை

இங்கிலாந்தின் லெஸ்டரில் எங்களுடையது 1960களில் கட்டிய வீடு. பாத்ரூமைச் சூடாக்க உள்ளே வெந்நீர் ஓடும் தகடு, அதாவது ரேடியேட்டர்; அதன் அடியில் துரு கொப்புளித்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. போன நவம்பரில் சொட்ட ஆரம்பித்தது. பிளம்பர் கேட்ட கூலி ரேடியேட்டர் விலையைவிட அதிகம். இங்கே தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் வேலையை 'கேஸ் சேஃப்' பட்டியலில் பதிவு செய்த ஆட்களிடம்தான் விட வேண்டும். ஆனால் ரேடியேட்டரில் ஓடுவது வெறும் தண்ணீர், அதை நாமே கழற்றலாம். சரி, இறங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

மனைவிக்கு ஏணி மாதிரி இருக்கும் குரோம் டவல் ரேடியேட்டர் மேல் ஆசை. ஆனால் அதில் பைப் மாட்டும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும். எங்கள் பைப்புகளோ தரையிலிருந்து நேராக மேலே வந்து, வால்வில் பக்கவாட்டில் திரும்புகின்றன. அந்த வால்வுகளை மாற்றவேண்டுமென்றால் ஹீட்டிங் தண்ணீரை வடிக்க வேண்டும். அது போக, அதே அளவு வெள்ளைப் பெயின்ட் ரேடியேட்டரைவிட குரோம் குறைவாகத்தான் சூடு தரும். பழையது போலவே ஒரு வெள்ளைத் தகடு வாங்கினேன். அவள் கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

கடையில் '600 மில்லிமீட்டர் அகலம்' என்று கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. பழையது அங்குலக் கணக்கு: 24 அங்குலம், அதாவது 610. புதியது சரியாக 600. இந்த இடைவெளிக்கென்றே 10 மில்லிமீட்டர் பித்தளை எக்ஸ்டென்ஷன் விற்கிறார்கள். மறுபடி கடைக்கு ஓடினேன்.

ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, இரண்டு வால்வையும் மூடினேன். தெர்மோஸ்டாட் வால்வை பூஜ்ஜியத்தில் வைத்தால் போதாது; குளிர் ஏறினால் பைப் உறையாமல் இருக்க அது தானே திறந்துகொள்ளும். தலையைக் கழற்றிவிட்டு மூடியைத் திருக வேண்டும். எதிர்ப்பக்கம் லாக்‌ஷீல்ட் வால்வு. ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று ஒருமுறை அளந்து வைத்துவிடும் வால்வு இது. அதை மூட ஒன்றே முக்கால் சுற்று ஆனது, போனில் குறித்துக்கொண்டேன். மற்ற அறைகளின் சூடு ஏறுமாறாகாமல் இருக்க, திரும்ப அதே அளவுதான் திறக்க வேண்டும்.

நட்டைத் தளர்த்த இரண்டு ஸ்பேனர்: ஒன்று நட்டுக்கு, இன்னொன்று வால்வு உடம்பைப் பிடித்துக்கொள்ள. இல்லாவிட்டால் செம்புப் பைப் முறுக்கிக்கொள்ளும். கீழே ஓவன் ட்ரேயை வைத்து, மேலே காற்றுத் திருகைத் திறந்ததும் மை மாதிரி கருப்புத் தண்ணீர் கொட்டியது. இரும்பு உள்ளே அரித்து உண்டாகும் மேக்னடைட் சேறு அது. அரிப்புத் தடுப்பு மருந்து தீர்ந்துபோனதன் அடையாளமும்கூட.

வடிந்துவிட்டது என்று நினைத்து பழைய ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். துளைகளில் துணியை அடைக்கவில்லை. வெளிர் நிறக் கார்ப்பெட்டில் நாலு படிக்குக் கருப்புக் கோடு! என்ன தேய்த்தும் போகவில்லை.

புதியதை மாட்டுவது அரை மணி நேர வேலை. டெஃப்லான் டேப்பை முதலில் எதிர்த்திசையில் சுற்றிவிட்டேன். திருகும்போது சுருண்டு வெளியே வந்தது. உரித்து, திருகும் திசையிலேயே பதினைந்து சுற்று சுற்றினேன். மேல் துளை வழியாகப் புனல் வைத்து அரிப்புத் தடுப்பு மருந்தை ஊற்றி மூடி, வால்வுகளைத் திறந்து, காற்றை வெளியேற்றினேன். பாய்லரில் அழுத்தம் ஒரு பாருக்குக் கீழே இறங்கியது. அடியில் இருக்கும் ஃபில்லிங் லூப்பை, அதாவது தண்ணீர் நிரப்பும் குழாயை, கொஞ்சம் திறந்து 1.3க்குக் கொண்டுவந்தேன்.

இரவு ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூவைச் சுற்றி வைத்தேன். காலையில் இடதுபக்கம் மட்டும் ஈரம். கால் சுற்று இறுக்கியதும் நின்றுவிட்டது.

பிளம்பர் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில் பாதி படிக்கட்டுக் கார்ப்பெட்டுக்குப் போனது. நிறத்தை இந்த முறை மனைவிதான் தேர்ந்தெடுத்தாள். கரும் சாம்பல்.