"ஒண்ணும் ஆகாதும்மா"

தடுப்பூசி அறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வாயில் எந்நேரமும் இந்த வார்த்தைதான். குழந்தையின் தொடையில் பஞ்சை வைத்து அழுத்தியபடியே சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவேன். வாசல் வரை கூட்டம். விளக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது?

ஒரு தாய் திரும்பி வந்தார். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி போட்ட ஒன்பதாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல், அதோடு வலிப்பு. சில நிமிடங்களில் நின்றுவிட்டது, டாக்டரும் பார்த்துவிட்டார். குழந்தை அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டி என் அடையாள அட்டையை இழுத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கைதான் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்?"

பதில் எனக்குத் தெரியும். அந்த ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. அது உள்ளே பெருகுவதற்கு நாள் பிடிக்கும் என்பதால், காய்ச்சல் பெரும்பாலும் 7 முதல் 12 நாட்களில்தான் வரும். வலிப்பு வருவது மூவாயிரம், நாலாயிரம் டோஸுக்கு ஒன்று. பார்க்கப் பயங்கரமாக இருக்குமே தவிர, பின்விளைவு வைக்காமல் போய்விடும். தட்டம்மையே வந்தால் சுமார் 1,000 பேரில் ஒருவருக்கு மூளை அழற்சி, சாவும் உண்டு. இதையே அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தகவல். வலிப்பைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் சொன்னால் வெறும் சப்பைக்கட்டு. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஊசியால் வந்த காய்ச்சலுக்கு நாளும் நேரமும் உண்டு, போட்ட கையும் உண்டு. வராமல் போன நோயை யார் கண்டது? ஜப்பானில் 1975இல், கக்குவான் இருமல் உட்பட மூன்று நோய்களுக்கான முத்தடுப்பூசிக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் இறந்ததும் ஊசியையே நிறுத்திவைத்தார்கள். கக்குவான் இருமல் அங்கே கிட்டத்தட்ட மறந்துபோன நோய். 1979இல் 13,000 பேருக்கு மேல் வந்து 41 பேர் இறந்தார்கள். ஊசிக்குப் பயந்த அந்தப் பெற்றோர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பக்கவிளைவே கட்டுக்கதை என்பவர்களோடும் எனக்குச் சண்டைதான். அமெரிக்காவில், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கான ஒரு தடுப்பு மருந்தால் சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்குக் குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொண்டது. 1999இல் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். கடும் ஒவ்வாமை ஏறக்குறைய பத்து லட்சம் டோஸுக்கு ஒன்றுதான், இருந்தாலும் என் டிரேயில் அந்த ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் மருந்து இல்லாமல் நான் ஊசியைத் தொடுவதில்லை. போட்டதும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வதும் அதற்காகத்தான். சம்பிரதாயம் என்று நினைத்துப் பாதியிலேயே கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

இப்போதெல்லாம் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எந்த நாளில் காய்ச்சல் வரலாம், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, நிற்காவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். வலிப்பு கண்ட குழந்தையின் அம்மா அடுத்த ஊசிக்கு வந்தபோது, "இதுக்கு எத்தனாவது நாள் சிஸ்டர்?" என்று அவரே கேட்டு அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

எல்லோரும் அப்படி இல்லை. 'வலிப்பு' என்ற சொல்லைக் கேட்டதுமே ஒரு அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மூன்று முறை போன் செய்துவிட்டேன். "அடுத்த வாரம் வர்றேன் சிஸ்டர்" என்கிறார்.