ஜனவரியில் தொடங்கிய வாசிப்பு லேவியராகமத்தில் ஏன் நிற்கிறது?

ஒரே வருடத்தில் வேதாகமத்தை முழுக்க வாசிப்பதற்கு நம் வீடுகளில் ஒரு பழைய கணக்கு உண்டு. மற்ற நாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1196. இருப்பதோ 1189 அதிகாரம்தான். கணக்கில் பிழையே இல்லை.

ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, இரண்டும் நாலே வாரத்தில் முடிந்துவிடும். ஜனவரி கடைசியில் லேவியராகமம் கையில் இருக்கும். ஆபிரகாம், யோசேப்பு, மோசே என்று ஓடிவந்த கதை நின்று, கொழுப்பு, குண்டிக்காய், சாம்பல் என்று பக்கம் பக்கமாகப் போகும். (குண்டிக்காய் என்றால் சிறுநீரகம். பழைய மொழிபெயர்ப்பின் சொல்.) அங்கேதான் பக்கம் குறிக்கும் நாடா நாள்கணக்கில் அதே பக்கத்தில் கிடக்கிறது. "எனக்கு விசுவாசம் போதவில்லை" என்று அதற்கு வருந்துகிறவர்கள் நிறையப் பேர். விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கதையை வாசிக்கிற வேகத்தில் சட்டத்தையும் வாசிப்பதுதான் சிக்கல்.

ஒரு துண்டுக் காகிதத்தில் இப்படி எழுதி அட்டையின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள்: 1–7 பலிகள், 8–10 ஆசாரியர்கள், 11–15 தீட்டும் சுத்தமும், 16 பாவநிவிர்த்தி நாள், 17–26 பரிசுத்த வாழ்க்கை, 27 பொருத்தனை (நேர்ச்சை). எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தாலே பாதி அலுப்பு போய்விடும்.

பலிகளின் பகுதியில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்: இல்லாதவன் என்ன செய்வான்? முதல் அதிகாரத்திலேயே மாடு, அடுத்து ஆடு, அடுத்து புறா என்று படி இறங்குகிறது. ஐந்தாம் அதிகாரத்தில் புறாவுக்கும் வழியில்லாதவன் எப்பாவில் (தானியம் அளக்கும் பழைய அளவு) பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தால் போதும். எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கமும் வேண்டாம். பிறகு 12:8. பிள்ளை பெற்றவளுக்கு ஆட்டுக்குட்டி கொண்டுவரச் சக்தியில்லை என்றால் இரண்டு புறா. இந்த இடத்தில் நிறுத்தி லூக்கா 2:24-ஐத் திருப்புங்கள். மரியாளும் யோசேப்பும் தேவாலயத்துக்கு வந்து கொடுப்பதாக அங்கே சொல்லியிருப்பது புறாக்கள்தான். இயேசு பிறந்த வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டிக்குக் காசு இருக்கவில்லை. கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டாலும், லேவியராகமத்தை வாசித்துவிட்டு வருகிறவருக்குத்தான் அந்த வசனம் நெஞ்சில் இறங்கும்.

13, 14-ஐ வேகமாக வாசிக்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இங்கே குஷ்டம் என்று வருவதெல்லாம் இன்று நாம் சொல்லும் தொழுநோய் அல்ல. துணிக்கும் சுவருக்கும் அது வருகிறதே! தோலில் வரும் பலவகை நோய்கள், துணியில் பூக்கும் பூஞ்சை, சுவரில் படரும் கறை எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அது புரியாமல் வாசித்துத்தான் தொழுநோய் வந்தவர்களை நம் சபைகளிலும் தள்ளிவைத்த காலம் உண்டு. ஆசாரியன் வந்து பார்ப்பதற்கு முன்பே வீட்டைக் காலிசெய்துவிடச் சொல்கிறது 14:36. அவன் தீட்டென்று தீர்த்தாலும் உள்ளே இருந்த சட்டிபானையும் பாயும் அதில் சேர்ந்து போகக்கூடாது என்பதற்காக. சட்டத்துக்குள் எவ்வளவு இரக்கம் என்று பாருங்கள்.

19-ஆம் அதிகாரத்துக்கு ஒரு வாரமே கொடுக்கலாம். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, உதிர்ந்த திராட்சையைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் (வேறு தேசத்திலிருந்து வந்து தங்கியவனுக்கும்). ரூத் கதிர் பொறுக்கியது இந்தச் சட்டத்தின் நிழலில்தான். 13-ஆம் வசனம், கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது. நம் வீட்டுக்கு வந்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் "சில்லறை இல்லை, திங்கட்கிழமை வாங்கிக்கோ" என்று சொல்லும் சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றிய வசனம் இது. காலையில் இதை வாசித்த நாளில், அவர்கள் கைகால் கழுவிக் கிளம்புமுன் பணத்தை எடுத்துவைத்திருக்க வேண்டும். அன்றைய தியானம் அதுதான். தனியாக ஒன்றும் எழுத வேண்டாம்.

மூன்று நாள் விட்டுப்போனால் ஒன்பது அதிகாரத்தை ஒரே ராத்திரியில் ஓட்டிப் பிடிக்காதீர்கள். கண் ஓடும், ஒன்றும் தங்காது, மறுநாள் புத்தகத்தைத் தொடவே பயம் வரும். இன்றைய தேதிக்கு உரிய இடத்தில் தொடருங்கள். விட்ட அதிகாரங்களின் எண்ணைப் பென்சிலால் குறித்துவைத்தால் 1196-இல் 1189 போக மிஞ்சுகிற ஏழு இடங்களிலும் விடுமுறை நாளிலும் வாசித்துக்கொள்ளலாம். கோடு போடுவதற்கும் பென்சில்தான். வேதாகமத் தாள் மெல்லியது. ஜெல் பேனாவும் ஸ்கெட்ச் பேனாவும் அடுத்த பக்கத்து வசனத்தையும் சேர்த்துக் கறையாக்கிவிடும்.

சட்டப் பகுதி ஓடும் வாரங்களில் இரவில் தேதிப்படி ஒரு நீதிமொழிகள் அதிகாரம் வைத்துக்கொள்ளலாம், 31 இருப்பதால் மாதத்துக்குச் சரியாக வரும். சங்கீதம் விரும்புகிறவர்கள் தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டி நாளுக்கு ஐந்து வாசிப்பார்கள்: 4-ஆம் தேதி என்றால் 4, 34, 64, 94, 124. 29-ஆம் தேதி மட்டும் 176 வசனமுள்ள 119 வந்து நிற்கும். அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்து, எட்டெட்டு வசனமாக இருக்கும் அதன் 22 பகுதிகளையும் வாய்விட்டு வாசியுங்கள்.