ஜூலி போன பிறகு திருப்புட்குழிக்கு

இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு நல்ல வருஷம் இல்லை. தை மாசம் அப்பா போனார். சித்திரையில் கணவருக்கு வேலை போனது. அம்மாவை ஊரில் தனியாக விட மனசில்லாமல் எங்களோடு அழைத்து வந்தோம், கூடவே அப்பா வளர்த்த ஜூலியும் வந்தாள், ஆடி பிறந்து கொஞ்ச நாளில் அவளும் போய்விட்டாள். செம்மண் நிறத்தில், இடது காது மட்டும் எப்போதும் மடங்கியே இருக்கும் நாட்டு நாய்.

கிட்னி என்றார்கள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போனது. சலைன் ஏற்றுவதற்காக முன்னங்காலில் முடியை மழித்திருந்தார்கள், அந்த இடத்தை மட்டும் ஓயாமல் நக்கிக்கொண்டே இருப்பாள். தயிர் சாதத்தைக் குழைத்து வாயருகே கொண்டுபோனால் நமக்காக ஒரு தடவை நாக்கை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பாவுடைய பழைய துண்டின் மேல்தான் படுப்பாள், கடைசி மூச்சும் அதன் மேல்தான். அண்ணன் வந்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய், எங்கள் கிணற்றடியில் குழி வெட்டி, அந்தத் துண்டையும் சேர்த்தே போட்டு மூடினான்.

அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்கே தெரியாத அழுகை. "நாய்க்குப் போய் யாராவது இப்படி அழுவாங்களா, உங்கப்பா போனப்பகூட நீ இப்படி அழலையே" என்று பெரியம்மா போனில் கேட்டார். அவர் சொன்னது நிஜம்தான். அப்பா போன அன்றைக்கு எனக்கு அழ நேரமில்லை. ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும், வருகிறவர்களுக்குக் காபி தரணும், அப்புறம் இறப்புச் சான்றிதழ், அம்மா பேருக்குப் பென்ஷன் மாற்றுவது என்று ஓடினேன், காரியம் முடிந்த கையோடு கணவர் வேலை விஷயம் வந்து நின்றது. ஜூலிக்காக உட்கார்ந்து அழும்போதுதான் அப்பாவுக்கும் சேர்த்து அழுகிறேன் என்று புரிந்தது, ஆனால் அதைப் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அம்மா தினமும் சுந்தர காண்டம் வாசிப்பாள். அந்த வால்மீகி ராமாயணப் புத்தகத்தை ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எடுத்து ஆரண்ய காண்டத்தைப் புரட்டினேன், ஜடாயு உயிர் விடும் இடம் வந்தது. அதில் ராமன் லட்சுமணனிடம் சொல்கிறான், சீதையைப் பறிகொடுத்த துக்கம்கூட எனக்காக இந்தக் கழுகு உயிர் விட்டதே அந்த துக்கத்துக்கு ஈடாகாது என்று. எவ்வளவு பெரிய வார்த்தை! ராஜ்யம் போச்சு, அப்பா போயாச்சு, மனைவியை ராவணன் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அவளை எங்கே வைத்திருக்கிறான் என்றுகூடத் தெரியாது. அந்த நிலையிலும் ராமன் ஒரு பறவைக்காக நின்று அழுகிறான். 'தசரத மகாராஜா எனக்கு எப்படியோ அப்படியே இந்தப் பட்சிராஜனும்' என்கிறான். விறகு கொண்டு வரச் சொல்லிச் சிதை மூட்டுகிறான், பிண்டம் வைக்கிறான், கோதாவரியில் இறங்கித் தண்ணீர் விடுகிறான். தசரதனுக்குக் கொள்ளி வைக்க ராமனுக்குக் கொடுத்து வைக்கவில்லை, அதைப் பரதன்தான் செய்தான். அப்பாவின் சிநேகிதனான ஜடாயுவுக்கு ராமன் தன் கையாலேயே எல்லாம் செய்கிறான். அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

திருப்புட்குழி போகலாம் என்று தோன்றியது அதனால்தான். ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று சொல்லப்படும் ஊர் அது ஒன்றுதான் என்றில்லை. கும்பகோணம் பக்கம் புள்ளபூதங்குடி இருக்கிறது, வைத்தீஸ்வரன் கோயிலில் ஜடாயு குண்டமே இருக்கிறது, அங்கிருந்து விபூதி எடுத்துப் பூசிக்கொள்வார்கள், ஜடாயு விழுந்த இடம் என்று ஆந்திராவில் லேபாக்ஷியையும் கேரளாவில் சடையமங்கலத்தையும் சொல்வார்கள். ஒரு பறவைக்கு இத்தனை ஊர் உரிமை கொண்டாடுகிறது என்பதே எனக்கு நிறைவாக இருந்தது. எங்களுக்குச் சென்னையிலிருந்து திருப்புட்குழிதான் பக்கம்.

காஞ்சிபுரம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் ஏறிப் பாலுசெட்டிச்சத்திரத்தில் இறங்கினால் கோயில் கிட்டத்தான். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாசுரம் பாடி மங்களாசாசனம் செய்த தலம், ராமாநுஜர் இளம் வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இந்த ஊரில்தான். ஆனால் கூட்டம் கிடையாது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது.

மூலவர் விஜயராகவப் பெருமாள், உட்கார்ந்த திருக்கோலம். ஜடாயுவை மடியில் ஏந்தி ஈமக்கடனுக்குத் தயாராக இருக்கும் கோலம் என்பது ஐதீகம். பக்கத்தில் ஸ்ரீதேவியும் பூதேவியும் வழக்கமான வலமும் இடமும் மாறி இருக்கிறார்கள், சிதைத் தீயின் வெம்மை தாங்காமல் தாயார் இடம் மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். அர்ச்சகர் நெய் விளக்கைத் தூக்கிக் காட்டும்போது நான் அந்த மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ராத்திரி ஜூலியின் தலை என் மடியில் இருந்தது.

துளசியை வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி அர்ச்சகரிடம் கேட்டேன், எங்கள் நாய் செத்துப்போச்சு, அவள் பேரில் ஒரு அர்ச்சனை பண்ண முடியுமா என்று. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "போனவாளுக்கு அர்ச்சனை கிடையாதும்மா, அது மனுஷாளுக்கும் கிடையாது. வெளியில ஜடாயு சன்னிதி இருக்கு, தீர்த்தம் இருக்கு. அங்க போய் நன்னா சேவிச்சுக்கோங்கோ, பெருமாளுக்குத் தெரியும்" என்றார். மனுஷாளுக்கும் கிடையாது என்று அவர் சாதாரணமாகச் சேர்த்துச் சொன்ன விதம் எனக்குப் பெரிய ஆறுதல். அத்தனை நாளாக யாரும் ஜூலியை மற்றவர்களோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசவில்லை.

மரகதவல்லித் தாயார் சன்னிதியையும் சேவித்தோம். வறுத்த பயறை முளைக்க வைப்பவள் என்று குழந்தை வரம் கேட்டு இங்கே வருகிறார்கள்.

கோயிலுக்கு எதிரே ஜடாயு தீர்த்தம். ராமன் அம்பு விட்டு உண்டாக்கியது என்பார்கள். ஜடாயுவுக்கென்று தனிச் சன்னிதி. நாங்கள் போனபோது அங்கே வேறு யாரும் இல்லை. மந்திரம் ஒன்றும் தெரியாது, கைகூப்பி, 'எங்கப்பாவுக்குத் துணையா இருந்தவள், அவளைப் பார்த்துக்கோ' என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் அம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள். அப்பா காரியத்தன்றுகூட எல்லோருக்கும் இலை போட்டாச்சா என்று விசாரித்துக்கொண்டிருந்தவள். நான் தேற்றவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள். "உங்கப்பா அதை மழையில சட்டைக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வந்தாருடி, நான் வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு திண்ணையிலேயே அதோட உட்கார்ந்திருந்தார். நான் திட்டிட்டே பால் ஊத்தினேன்" என்றாள். பஸ்ஸிலும் விடவில்லை. தனக்கு வைத்த மீன் முள்ளை அப்பா தனியாக எடுத்துப்போட்டு ஜூலிக்குப் பிசைந்து வைப்பது, சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அவள் எழுந்து வாசலுக்குப் போவது, எல்லாம் சொன்னாள். தைக்கு அப்புறம் அம்மா அப்பாவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். குழி வெட்டிய அன்றிலிருந்து அவன் ஜூலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முதலில் சும்மா கேட்டுக்கொண்டிருந்தான், அப்புறம் "அடுத்த தடவை போறப்ப சொல்லு, நானும் வர்றேன்" என்றான். புரட்டாசியில் மூன்று பேருமாகப் போவதாக இருக்கிறோம்.