பழுதுக்குப் பழுது: எதிர்வீட்டு அண்ணனோடு எட்டு மாதப் பண்டமாற்று

போன ஆடியில் தொடங்கியது, இப்போது பங்குனி. இதுவரை பதினொரு மாற்று முடிந்திருக்கிறது. இதில் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தெரிந்த வேலை வார்ப்பிரும்பு. பழைய தோசைக்கல், பணியாரக்கல், இரும்புச் சட்டி இவற்றைத் துரு நீக்கிப் பழக்கி மறுபடி அடுப்பில் ஏற்றுவது. எதிர்வீட்டு அண்ணன் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்குக் கடிகாரம், ரேடியோ. இரண்டு பேருமே சென்னை பல்லாவரத்தில் பழைய சாமான்கள் விற்கும் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள்தான், ஆனால் நாலு வருடமாக எதிரெதிர் வீட்டில் இருந்தும் அது ஒருவருக்கொருவர் தெரியாது.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சந்தையில், பழைய டிரங்க் ரோடு ஓரத்தில் தார்ப்பாயில் கொட்டி வைத்திருந்த சாமான்களில் இருந்து ஒரு எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் எடுத்து வந்தேன். ஓடவில்லை. என் அப்பா கட்டியிருந்த அதே மாடல், அதனால் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை, அவ்வளவுதான். மாடி ஏறும்போது அண்ணன் வாசலில் பேப்பர் விரித்து உட்கார்ந்து ஏழு குழிப் பணியாரக்கல் ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். குழிகளின் நடுவில் அழுத்தித் தேய்த்துக் கோடு கோடாகக் கீறியிருந்தது.

"அண்ணே, உப்புத்தாள் வேணாம், கீறல் விழுந்துட்டா மாவு பிடிச்சுக்கும்."

"அப்ப நீயே பாரு தம்பி. அது என்ன கையில? ஜனதாவா? இங்க குடு."

கல் என் கைக்கு வந்தது, கடிகாரம் அவர் கைக்குப் போனது. விலை பேசவில்லை. பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் வருவார், பழைய புடவைக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா வருவார், அம்மா அவர்களோடு அரை மணி நேரம் பேரம் பேசுவார். இதில் பேரமே இல்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் இரண்டுமே உபயோகமில்லாத பொருள்.

முதலில் கல்லின் கதை. புளித்த கஞ்சியில் ஓர் இரவு ஊற வைத்தேன். காலையில் தேங்காய் நாரும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தால் மேல் துரு சிவப்புச் சேறாக இறங்கியது. குழிகளின் அடியில் இருந்த கெட்டித் துருவுக்குப் புளிக்கரைசல், அதையும் அரை மணிக்கு மேல் விடக் கூடாது, விட்டால் புளிப்பு துருவோடு நிற்காமல் இரும்பையே அரிக்கும். கழுவிய கையோடு அடுப்பில் வைத்து ஈரம் போக்க வேண்டும். ஒரு தடவை போன் வந்ததென்று மேடையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன், பத்து நிமிடத்தில் கல் முழுக்க மஞ்சள் பூத்துவிட்டது, மறுபடி முதலில் இருந்து. அப்புறம் நல்லெண்ணெய். பலர் தப்பு செய்வது இங்கேதான். எண்ணெய் தடவியதும் ஒரு காய்ந்த துணியால், தடவவே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் சூட்டில் பிசினாக நின்றுவிடும். துடைத்த கல்லைப் புகை வந்து அடங்கும் வரை காய வைத்து, ஆற விட்டு, மறுபடி அதே மாதிரி. ஐந்து சுற்றில் செம்பழுப்பு போய் கறுப்பு வந்தது. கடைசியில் சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டுக் குழி குழியாக வதக்கினேன். முதல் இரண்டு ஈடு பணியாரம் ஒட்டியது, மூன்றாவது ஈடு கம்பியால் லேசாகத் தொட்டதுமே புரண்டது.

அண்ணன் வீட்டில் கடிகாரம் பத்து நாள் இருந்தது. ஒரு சாயங்காலம் கூப்பிட்டுக் காட்டினார். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணில் லென்ஸ் செருகி, பின்மூடியை பிளேடு நுனியால் நெம்பினார். உள்ளே தட்டில் 17 ஜுவல்ஸ் என்று பொறித்திருந்தது. "ஒண்ணும் உடையல தம்பி. எண்ணெய் காஞ்சு கோந்தா போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார். ஒவ்வொரு திருகையும் சாமணத்தால் எடுத்து, பிரிட்ஜில் ஐஸ் வைக்கும் தட்டின் குழிகளில் கழற்றிய வரிசைப்படியே போட்டு வைத்தார். பெட்ரோலில் கழுவி, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்து, திரும்பப் பூட்டிச் சாவி கொடுத்தார். ஓடியது. ஆனால் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முந்தி ஓடியது. அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் ஒரு சின்னத் திசைகாட்டியைக் கொண்டுவந்து கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முள் துடித்தது. காந்தம் ஏறியிருக்கிறது. ஸ்பீக்கர் மாதிரி எதன் பக்கத்திலாவது கிடந்திருந்தால் உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், அதனால் வேகம். பழைய கடிகாரக் கடைக்காரர் ஒருவரிடம் காந்தம் இறக்கும் கருவியில் வைத்து வாங்கி வந்தார். இப்போது நாளுக்கு அரை நிமிடம்தான் வித்தியாசம்.

முதல் மாற்று இவ்வளவு நன்றாக அமைந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஆவணியில் அண்ணன் ஒரு பழைய வால்வு ரேடியோவை உயிர்ப்பித்திருந்தார். நேராகக் கரண்டில் சொருகக் கூடாது என்று முதலில் கரண்டை மட்டுப்படுத்த நடுவில் ஒரு பல்பை இணைத்து (சீரிஸ் பல்பு) பார்த்து, வற்றிப்போன கண்டென்சர்களை எல்லாம் மாற்றி, கடைசியில் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை ஏ வானொலி நிலையம் பேசியது. என்னிடம் நன்றாகப் பழக்கிய கனமான தோசைக்கல் ஒன்று இருந்தது. இரண்டுமே முடிந்த பொருள், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சரி என்றார். ஆனால் கொடுத்த பிறகு இரண்டு பேருக்கும் மனசு சரியில்லை. எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை அந்தக் கல்லில் இருந்தது. அவருக்கு ரேடியோவில் எத்தனை ராத்திரியோ. பேச்சுவாக்கில் "கண்டென்சருக்கே முன்னூறு ஆச்சு தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் நான் அன்றிரவு கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அண்ணியே அந்தக் கல்லைக் கொண்டுவந்து, "நீங்க கஷ்டப்பட்டுப் பண்ணது, உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனார். நானும் ரேடியோவைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். வருத்தம் இல்லாமல் முடிந்தது, அதற்கு அண்ணிதான் காரணம்.

அன்றிலிருந்து பழுதுக்குப் பழுதுதான். வேலை செய்து முடித்த பொருளில் நம் நேரம் ஏறிவிடுகிறது, நேரம் ஏறியதும் விலை வந்துவிடுகிறது. தார்ப்பாயில் இருந்து அப்போதுதான் எடுத்து வந்த பொருளுக்கு அந்தப் பாரம் கிடையாது. எதிரில் இருப்பவர் அதைச் சரிசெய்ய முடியுமா என்ற ஒரே கேள்விதான். இன்ன விலைக்கு வாங்கினேன் என்று சொல்வதில்லை. வேலை தொடங்கும் வரை திருப்பிக் கொடுக்கலாம், தொடங்கிவிட்டால் கிடையாது. இதெல்லாம் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, தானாக இப்படி அமைந்தது.

இதனால் சந்தையில் என் கண்ணே மாறிவிட்டது. முன்பெல்லாம் இரும்பு இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடுவேன். இப்போது டைம்பீஸ், கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர் கிடக்கும் விரிப்பில் நின்று நிதானமாகப் பார்க்கிறேன். எழுத்து தடிப்பாக, மை பரவியது போல் இருந்தால் முகப்புக்கு மறுபடி பெயின்ட் அடித்தது என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டது ஏமாந்த பிறகு. ஒரிஜினல் என்று ஒருவர் சத்தியம் செய்து விற்ற ஜனதாவை அண்ணன் திறந்தால் உள்ளே நாலு கடிகாரத்தின் பாகங்கள். அவர் கோபப்படவில்லை. 1961-ல் பெங்களூருவில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரக் கம்பெனியை மூட 2016-ல் முடிவானது, இனி ஒரு பல்சக்கரம் வேண்டுமென்றாலும் இறந்த கடிகாரத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும், அதனால் இதுவும் சொத்துதான் என்று டப்பாவில் போட்டு வைத்தார்.

அவரும் எனக்காக இரும்பு பார்க்கப் பழகிவிட்டார். நான் வேலைக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் சந்தையில் இருந்து போன் செய்வார். பேச்சே இருக்காது, போனைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்து ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டுவார். "ணங்" என்று இழுத்து ஒலித்தால் நல்ல சட்டி. "டப்" என்று உடனே அடங்கினால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். ஆபீஸ் படிக்கட்டில் நின்று கண்ணை மூடிக் கேட்டு "எடுங்கண்ணே" என்றோ "வேணாம்ணே" என்றோ சொல்வேன். இப்படி எடுத்ததில் இதுவரை ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. இளம் வயதில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் மூர் மார்க்கெட்டுக்கு வாரம் தவறாமல் போவாராம், முதல் ஸ்க்ரூடிரைவர் செட் அங்கே வாங்கியதுதான், இன்னும் வைத்திருக்கிறார். 1985-ல் மார்க்கெட் எரிந்த பிறகு பக்கத்து அல்லிக்குளம் கடைகளுக்குக் கொஞ்ச நாள் போயிருக்கிறார். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரல் தாழ்ந்துவிடும்.

மார்கழியில் நடந்ததை மட்டும் எல்லாருக்கும் எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். அண்ணன் ஒரு காயலான் கடையில் இருந்து கனத்த இரும்புச் சட்டி ஒன்று கொண்டுவந்தார். ஒலி அருமை, கைப்பிடி முழுசு. பதிலுக்கு என் டைம்பீஸ் அவரிடம் போய் இரண்டே நாளில் ஓடவும் தொடங்கிவிட்டது. நான் சட்டியைக் கழுவும்போது உள்ளே சாம்பல் பூத்த படலம் ஒன்று போகவே இல்லை. கைப்பிடி சேரும் மடிப்பில் மிளகளவு உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. கத்தி முனையால் கீறினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது, கீறிய இடம் பளபளத்தது. காரீயம். யாரோ அதில் ஈயம் உருக்கியிருக்கிறார்கள். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு, இது விஷம். எத்தனை தடவை தேய்த்தாலும், எத்தனை தடவை காய வைத்தாலும் அந்தச் சட்டியை நம்பிச் சமைக்க முடியாது, பழக்குகிறேன் என்று அடுப்பில் ஏற்றினால் அந்தப் புகையும் கெடுதல்.

அண்ணனிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. உடனே டைம்பீஸை எடுத்து வந்து நீட்டினார். நான் வாங்கவில்லை, வேலை தொடங்கிவிட்டால் திருப்பக் கூடாது என்பது எனக்கும் சேர்த்துத்தானே. ஆனால் சட்டியை என்ன செய்வது? எடைக்குப் போட்டால் கடைக்காரர் மறுபடி தேய்த்து எண்ணெய் தடவி யாருக்காவது விற்றுவிடலாம். செடி வைத்தாலும் என் மனசு ஒப்பவில்லை. கடைசியில் அண்ணன் டிரில் மெஷின் கொண்டுவந்தார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தூள் பறக்காமல் எண்ணெய் விட்டு, மொட்டை மாடியில் சட்டியின் அடியில் மூன்று துளை போட்டோம். இனி அதில் யாரும் எண்ணெய் காய்ச்ச முடியாது. விழுந்த தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டி, எதற்காகத் துளை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் எடைக்குப் போட்டோம். சாம்பல் படலம், மடிப்பில் உருண்டை, கீறினால் மெத்தென்று இறங்கிப் பளபளப்பு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு நல்ல சட்டியாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போதைய நிலவரம்: மாற்றில் எனக்கு வந்த கல், சட்டிகளில் ஐந்து அடுப்பில் ஏறிவிட்டன, ஒன்று இன்னும் கஞ்சியில் ஊறுகிறது. என்னிடம் இருந்து போனவற்றில் அவர் ஓட வைத்தவை ஏழு. முதல் பணியாரக்கல் தை மாதத்தில் இருந்து அண்ணி வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு இரவல் கேட்டார், நானும் திருப்பிக் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிண்ணத்தில் குழிப்பணியாரம் வந்துவிடுகிறது. அப்பாவின் மாடல் ஜனதாவைக் கார்த்திகையில் ஒரு நாள் அண்ணன் என் கையில் கட்டிவிட்டார். இதற்கு மாற்று என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அதில் சாவி கொடுக்கும் திருகு தேய்ந்து வழுக்குகிறது. அதே அளவு வேண்டும், கொஞ்சம் பெரிதானாலும் உட்காராது என்கிறார். கழற்றித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் விரிப்பு போடும்போதே பார்த்துவிடலாம்.