முல்லர் என்னும் மாவு ஆலைக்காரர்

பந்து காலுக்குப் பின்னால் நழுவிப் போகிறது. கெர்ட் முல்லர் ஒரு எட்டு பின்வாங்கி, சட்டென்று திரும்பி, தரையோடு தரையாக அடித்துவிடுகிறார். 1974 கால்பந்து உலகக்கோப்பை இறுதி ஆட்டம், மியூனிக். காலையில் கைப்பேசியில் தற்செயலாக வந்த காணொளி.

எனக்கு அந்தப் பெயரில்தான் மனசு போய் நின்றது.

முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர். ஜெர்மனியில் மிகப் பரவலான குடும்பப் பெயர் இதுதான். இங்கிலாந்தில் மில்லர், டென்மார்க்கில் மோலர், நெதர்லாந்தில் முல்டர், மோலனார். இடைக்காலத்தில் பல ஊர்களில் பிரபுவின் ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தது, அதனால் ஊரே அந்த ஒருவரைத் தேடிப் போயாக வேண்டும், அப்புறம் அவர் பேரன் வேறு வேலைக்குப் போனாலும் பெயர் மட்டும் போகவில்லை.

ஆனால் இந்தச் சொல்லின் வேர் ஜெர்மானியமே அல்ல! லத்தீன் மோலினா. ரோமானியர்களின் நீராலையோடு கூடவே வந்த சொல்.

அதற்கு முன் ஜெர்மானிய மொழிகள் பேசியவர்களிடம் இருந்தது கையால் சுற்றும் திருகை. அதற்குச் சொந்தச் சொல்லும் இருந்தது. ஆங்கிலத்தில் குவெர்ன், ஐஸ்லாந்தில் க்வோர்ன். கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியின் 4ஆம் நூற்றாண்டு பைபிளில் 'அசிலுக்வெர்னுஸ்' என்று வருகிறது, கழுதை சுற்றும் திருகை. எவ்வளவு அழகான சொல்!

ஸ்வீடன்காரர்கள் மட்டும் அந்தப் பழைய சொல்லை விடவில்லை. பெரிய ஆலைக்கும் அவர்களுக்கு 'க்வார்ன்'தான். க்வார்ன்ஸ்ட்ரோம் என்றே ஒரு குடும்பப் பெயர் அங்கே உண்டு: ஆலையும் நீரோட்டமும் சேர்ந்தது.