பூசணிப் பூவைப் பிரித்துப் பார்த்தபோது

தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமையில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வளவில் 6 குழி வெட்டி, மாட்டெருப் போட்டுப் பூசணி விதை ஊன்றினேன். மாரிமழை விட்டும் செம்மண்ணில் ஈரம் நின்றது. ஆறாம் நாள் முளை வந்தது. முதலில் விரிகிற தடித்த இரண்டும் வித்திலைகள். விதை சேர்த்து வைத்த உணவு அவற்றில்தான் இருக்கிறது. சிவப்பு வண்டு அவற்றை அரித்த 2 கன்றுகள் தேறவில்லை. மற்ற 4உம் கொடி ஓடின.

மாசி நடுவில் பூத்தது. எண்ணிக்கொண்டு வந்தேன்: முதல் 11 பூவும் கொட்டிவிட்டன. பசளை போதவில்லை என்று நினைத்து யூரியா எடுத்தபோது அம்மம்மா மறித்தா.

“முதல் வாறது ஒண்டும் நிக்காது பிள்ளை. பிஞ்சோட வாற பூ வரட்டும், பொறு.”

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு விடியற்காலை இரண்டு பூவைப் பிளேட்டால் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுக்கு மெல்லிய நீளக் காம்பு. நடுவில் ஒற்றைத் தூண்போல ஒட்டி நிற்கும் கேசரங்கள், தொட்டால் விரலில் மஞ்சள் மா, அதுதான் மகரந்தம். இது ஆண் பூ. மற்றது பெண் பூ. அதற்குக் காம்பு கட்டை, இதழுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு உருண்டை. பிஞ்சென்று நாங்கள் சொல்லும் அந்த உருண்டைதான் சூலகம். குறுக்கே வெட்டினால், பிறகு விதையாகிற சூல்வித்துகள் வெள்ளை மணிகளாக வரிசையில் தெரிகின்றன. பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் பெயரிட்டதெல்லாம் இவ்வளவு வடிவாக உள்ளே இருக்குமென்று அன்றுதான் கண்டேன்.

ஆண் பப்பாசி, பெண் பப்பாசி என்று மரம் வேறாக நின்றால் ஈரில்லம். பூசணிபோல ஒரே கொடியில் இரண்டு பூவும் வந்தால் ஓரில்லம். பூசணியில் ஆண் பூ முந்தும், பெண் பூ சில நாள் பிந்தும். அம்மம்மா சொன்னது இதைத்தான்.

பெண் பூ வந்த பிறகு தேனீயை நம்பியிராமல் கையால் செய்து பார்த்தேன். காலை ஆறரைக்கு ஆண் பூவின் இதழை உரித்துவிட்டு, கேசரத்தைப் பெண் பூவின் நடுவிலிருக்கும் பிசுபிசுத்த குறியில் மெதுவாகத் தேய்த்தேன். 4 பூவில் 3 பிடித்தன. நாலாவதுக்குக் கோயிலால் வந்து 10 மணிக்குப் போனேன். பூ சுருங்கிவிட்டது. பெண் பூ விரிவது ஒரே ஒரு காலைதான். அந்தப் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்தது.

மகரந்தம் குறியில் ஒட்டுவதோடு வேலை முடிவதில்லை. அது மகரந்தச்சேர்க்கை மட்டும். ஒவ்வொரு மகரந்தமணியும் குழாய் விட்டுச் சூல்வித்து வரை இறங்கினால்தான் கருக்கட்டல். ஒரு விதைக்கு ஒரு மகரந்தமணி வேண்டும். பிடித்த மூன்றில் ஒரு காய் ஒரு பக்கம் சூம்பி வளர்ந்தது. கறிக்கு வெட்டியபோது பார்த்தேன், சூம்பின பக்கத்தில் எல்லாம் சப்பை விதை. அன்று நான் குறியின் ஒரு பக்கத்தில்தான் வடிவாகத் தேய்த்திருக்கிறேன்.

கத்தரிக்கு இந்தக் கைவேலை தேவையில்லை, அது ஆண், பெண் பகுதி இரண்டும் ஒன்றாக இருக்கிற இருபாற் பூ. ஆனாலும் சில பூ கொட்டுகிறதே என்று குனிந்து பார்த்தேன். மஞ்சள் மகரந்தக்கூடுகளுக்கு வெளியே தம்பம், அதாவது குறியைத் தாங்குகிற தண்டு, நீட்டி நிற்கிற பூக்கள் காய்க்கின்றன, உள்ளே கட்டையாக ஒளிந்திருப்பவை விழுகின்றன. புடலங்காய்க்கு விடியக் காலை போய்ப் பிரயோசனமில்லை. அந்த வெள்ளை நூல்பூ விரிவது பொழுதுபட்ட பிறகு, அந்துப்பூச்சிகளுக்காக.

பங்குனிக் கடைசியில் 2 காய் முற்றிக்கொண்டிருக்கின்றன. காம்பு காயும்வரை தொடமாட்டேன். அடுத்த முறைக்கு இதே சாதி விதை வேண்டும். பக்கத்து வளவில் வேறு சாதிப் பூசணி நிற்கிறது. தேனீ அங்கிருந்து மகரந்தம் கொண்டுவந்தால் இந்தக் காய் மாறாது, உள்ளிருக்கும் விதைதான் கலப்பாகும். அதனால் நாளை விரியப்போகிற பெண் மொட்டு ஒன்றுக்கும் ஆண் மொட்டு இரண்டுக்கும் இன்று பின்னேரம் நுனியில் நூல் கட்டிவிட்டேன். விடிய ஆறரைக்கு அவிழ்க்கவேண்டும்.